பசி என்று கீறிய சுவர்

ஜனவரி 14, செவ்வாய்

இன்று முழுக்க ஒரு கால்பந்து அரங்கின் வரலாற்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். மைதானத்துக்கும் வரலாறா என்று கிரிசாந் சிரித்தார். என் கணவருக்குப் பந்து வலைக்குள் போனால் போதும்.

ஜெர்மனியில், சுரங்கங்கள் இருந்த பக்கத்தில், லின்டன்வீஸ என்று ஒரு அரங்கு. அதைப் புதுப்பிக்கிறார்கள். புதுக் கூரை, சூடேறும் இருக்கைகள், வசதியானவர்கள் இருந்து குடிப்பதற்கு ஒரு லவுஞ்ச். அந்த லவுஞ்சின் சுவர்களுக்கு எங்கள் கொம்பனியின் நீல டைல்ஸ் போகிறது. ஒட்டுவதற்கும் இங்கிருந்தே ஆட்கள் போயிருக்கிறார்கள். அதில் ஒருவன் என் தம்பி றோபேட். நான் ஜெர்மனியில் பிறந்து பதினொரு வயதுவரை அங்கே பள்ளிக்கூடம் போனவள். அகதி விண்ணப்பத்தை மறுத்தார்கள், அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு இத்தாலிக்கு, இந்தப் பலேர்மோவுக்கு வந்துவிட்டார். அவர்கள் வேண்டாம் என்று சொன்ன பிள்ளையின் ஜெர்மன்தான் இன்று எனக்குச் சோறு போடுகிறது.

கையேடு பளபளவென்று இருக்கிறது. 1926இல் சுரங்கத் தொழிலாளர் வேலை முடிந்து வந்து, கரிக்கழிவைக் கொட்டி மேடு எழுப்பித் தாங்களே கட்டிய அரங்காம். ஐம்பதுகளில் மின்விளக்கு. எழுபதுகளில் பழைய பார்வையாளர் மேடைக்கு மேலேயே கொங்கிறீட். பிறகு நின்று பார்க்கிற இடத்தின் பாதியை உடைத்து இருக்கை போட்டார்கள். இனி ஒரு காப்புறுதிக் கொம்பனியின் பெயரை நெற்றியில் ஒட்டப்போகிறார்கள். எல்லாவற்றுக்கும் படம், எல்லாவற்றுக்கும் பெருமை. நடுவில் ஒரேயொரு வரி: “1940 முதல் 1947 வரை லின்டன்வீஸ உறங்கியது.”

உறங்கியதாம். அந்த ஆண்டுகளில் ஜெர்மனியில் எது உறங்கியது?

அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தேன்.

ஜனவரி 16, வியாழன்

முதலாளி தொத்தோரே மாறினோவுக்குக் கையேடு பிடித்துவிட்டது. “வரலாறு நல்லா விலைப்படும், அனிற்றா.” சொல்லிக்கொண்டே குறடால் மூக்குமயிரைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பெப்ரவரி 5, புதன்

றோபேட் இரண்டு படங்கள் அனுப்பினான். லவுஞ்ச் வரப்போகிற அறை பழைய மேடைக்குக் கீழே இருக்கிறது. முன்பு உடைமாற்றும் அறையாக இருந்ததாம். சுவரை மூடியிருந்த மரப்பலகைகளைக் கழற்றியபோது உள்ளே பழைய சாந்து. அதில் ஆணியால் கீறிய எழுத்துகள்.

முதல் படத்தில் ஒரே ஒரு சொல். ஒவ்வொரு எழுத்தும் ஒரு சாண் உயரம். FAME.

இரண்டாவது படத்தில் மூலைச்சுவர். அங்கே பெயர்கள், சின்னச் சின்னதாக. காத்தானியா ஊர்க்காரர் ஒருவர், பாரி ஊர்க்காரர் ஒருவர். நடுவில் தெளிவாக: கஸ்பாரே லிக்காத்தா, கபோ, பலேர்மோ, நத்தார் 1944.

கபோ! சனிக்கிழமைகளில் நான் மீன் வாங்குகிற கபோ சந்தை.

உடனே தம்பிக்கு எடுத்தேன். “அக்கா, இது என்ன சொல்லு? இங்கிலீசோ?” என்று கேட்டான்.

“இல்லையடா. இத்தாலியன். ஃபாமே. பசி.”

பிறகு, “நான் அந்தச் சுவருக்குக் கீழை இருந்துதான் மத்தியானம் சாப்பிடுறனான்” என்றான்.

பெப்ரவரி 6, வியாழன்

தேடி வாசித்தேன். இத்தாலி போரை விட்டு விலகியதும் ஜெர்மன்காரர் நேற்றுவரை கூட நின்ற இத்தாலியச் சிப்பாய்களின் ஆயுதங்களைப் பறித்து, ரயிலில் ஏற்றிக்கொண்டு போய்ச் சுரங்கத்திலும் தொழிற்சாலையிலும் வேலை வாங்கியிருக்கிறார்கள். போர்க்கைதி என்ற மரியாதைகூட இல்லை. எங்கெல்லாமோ அடைத்து வைத்திருக்கிறார்கள். இங்கே ஒரு மைதானத்தின் மேடைக்குக் கீழே.

லின்டன்வீஸ உறங்கியது. தூ.

பெப்ரவரி 11, செவ்வாய்

மறக்கமுன் எழுதிவிடவேண்டும்.

இன்று காணொளிக் கூட்டம். ஜெர்மன் கழகத்தின் விளம்பரப் பொறுப்பாளர் ஃபிறவ் ஹென்னிங் திரையில் துள்ளாத குறை. அவருக்கு முதல் படம் மட்டும்தான் போயிருக்கிறது. மூலைச்சுவரை அனுப்பவேண்டாம் என்று மாறினோ றோபேட்டுக்குச் சொல்லியிருக்கிறார். எனக்கு அது தெரியாது.

“பார்த்தீர்களா? ஃபேம்! புகழ்! அந்தக் காலத்து விளையாட்டுக்காரர் யாரோ கனவோடு எழுதி வைத்திருக்கிறார். லவுஞ்சுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஃபேம் லவுஞ்ச்!” சுவரை டைல்ஸால் மூடிவிட்டு, அதன் மேல் அதே எழுத்துகளைப் பெரிதாக நீலத்தில் பதிக்கவேண்டுமாம். பாருக்குப் பின்னால். கிண்ணங்களிலும் வாய்துடைக்கும் துணியிலும்கூட.

மாறினோ என்னைப் பார்த்தார். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். இத்தாலியனில் சொன்னேன். அந்த மனுசன் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“ஓம் எண்டு சொல்லு. அருமையான யோசினை எண்டு சொல்லு.”

“தொத்தோரே, அது பசி.”

“எனக்கும் இத்தாலியன் தெரியும், அனிற்றா.”

திரையில் ஃபிறவ் ஹென்னிங் சிரித்த முகத்தோடு காத்திருந்தார். நான் ஜெர்மனில் சொன்னேன்: “அருமையான யோசனை என்று முதலாளி சொல்கிறார்.”

முதலாளி சொல்கிறார் என்று சேர்த்ததைப் பெரிய வீரமாக நினைத்துக்கொண்டுதான் வீடு வந்தேன். என்ன பிறவி நான்?

பெப்ரவரி 12, புதன்

பல் தீட்டியும் வாயில் அந்த வசனம் இருக்கிறது.

பெப்ரவரி 15, சனி

கபோவில் மீன் வாங்கவில்லை. லிக்காத்தாவைக் கேட்டுத் திரிந்தேன். மீன்காரர் தோளைக் குலுக்கினார். கூனைப்பூ விற்கிற மனுசி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ வீட்டுவேலை தேடியோ வந்தனி? அவ ஒருத்தரையும் வைச்சிருக்கமாட்டா” என்று எதிர்ப் படிக்கட்டைக் காட்டினா.

சிஞ்ஞோரா நுன்சியா லிக்காத்தா. எண்பத்தாறு வயது. கண் நன்றாகத் தெரிகிறது, கால்தான் வீங்கியிருக்கிறது. கதவுச் சங்கிலியைக் கழற்றாமலே கதைத்தா. கஸ்பாரே யார் என்று கேட்டேன். “என்ரை தேப்பன். செத்து அம்பது வருசத்துக்கு மேலை. அவர் ஆருக்காவது என்னவும் செய்துபோட்டாரோ?”

மூலைச்சுவரின் படத்தைக் கைபேசியில் காட்டினேன். சங்கிலியைக் கழற்றினா.

அவ சிசிலியனில் சொன்னதை எனக்குத் தமிழில்தான் எழுத வருகிறது.

“ஜெர்மனியிலை ஒரு கமக்காரன்ரை வீட்டிலை நிண்டவராம். அப்பிடித்தான் எங்களுக்குச் சொன்னவர். உருளைக்கிழங்கு வேணுமெண்ட மட்டும் திண்டாராம். நாங்கள் இஞ்சை குண்டுக்கை கிடந்து சாக, இவர் அங்கை திண்டு கொழுத்தவரெண்டு அம்மா சாகுமட்டும் ஏசினவ.”

அவர் திரும்பி வந்தபோது நுன்சியாவுக்கு ஆறு வயது. வந்த மனிதர் சமையல் அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டாராம், கோயிலுக்குப் போகும்போதுகூட. ஊர் முழுக்கக் கஞ்சன் என்று பெயர். சாப்பிடும்போது கோப்பையைச் சுற்றி ஒரு கையை வளைத்து வைத்துக்கொண்டு, குனிந்து, மூச்சுவிடாமல் விழுங்குவாராம். கோப்பையை நக்குவாராம்.

“நாய் மாதிரி” என்றா சிஞ்ஞோரா. “எனக்கு அரியண்டம். பதின்நாலு வயசிலை ஒருநாள் என்ரை கோப்பையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலடிக்குப் போனன். உங்களைப் பாத்துக்கொண்டு சாப்பிட எனக்குச் சத்தி வருகுதெண்டு சொன்னன். அதுக்குப் பிறகு அவர் எங்களோடை மேசையிலை இருந்ததேயில்லை. குசினிக்குள்ளை நிண்டுதான் சாப்பிட்டவர். சாகுமட்டும்.”

அழவில்லை. வேறு யாருடையவோ வீட்டுக் கதைபோலச் சொன்னா. முதல் படத்தைக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

பூசை முடிந்து நேரே சிஞ்ஞோராவிடம் போனேன். இந்த முறை முதல் படத்தையும் காட்டினேன்.

அந்தச் சொல்லை அவ வாய்விட்டு வாசிக்கவில்லை. “எவ்வளவு பெரிய எழுத்து?” என்று கேட்டா. கையை விரித்துக் காட்டினேன். “கமக்காரன்ரை வீட்டுச் சுவரோ?”

“இல்லை சிஞ்ஞோரா. பந்தடிக்கிற மைதானம்.”

கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. வெளியே யாரோ எலுமிச்சம்பழம் கூவி விற்றார்கள். பிறகு நான் மிச்சத்தையும் சொன்னேன்: லவுஞ்ச், நீல எழுத்து, கிண்ணம், துணி.

“அந்தச் சுவரடியிலையோ சாப்பிடப் போகினம்?”

“ஓம்.”

“நீயெல்லோ அவையின்ரை பாசை தெரிஞ்சவள். நீ என்ன சொன்னனி?”

பொய் சொல்லியிருக்கலாம். “அருமையான யோசினை எண்டு சொன்னன்.”

அவ எழும்பினா. வீங்கிய காலை இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்தா. “போ” என்றா.

இரவு — வீட்டில் சண்டை. அம்மாவின் பெயர் அருள்நாயகி. அருளும் இல்லை, அமைதியும் இல்லை. “உன்ரை வதிவிடப் பெர்மெஸ்ஸோ கோடையிலை முடியுது. தம்பியின்ரையும் முடியுது. வேலை இல்லாட்டிக் குவெஸ்தூராப் பொலிசிலை என்னத்தைக் காட்டப்போறாய்? மைதானத்தின்ரை படத்தையோ?” கிரிசாந் குரலை உயர்த்தவில்லை, அதுதான் கூடக் குத்தியது. “செத்த மனுசன் பசி கிடந்ததுக்கு நாங்கள் ஏன் பசி கிடக்கோணும், அனிற்றா?”

எனக்கு எல்லாரிலும் வெறுப்பாக இருக்கிறது. கூடுதலாக என்னில்.

பெப்ரவரி 27, வியாழன்

மாதிரி டைல்ஸ் வந்துவிட்டது. F, A, M, E. கண்ணைப் பறிக்கிற நீலம். அலுவலகத்தில் எல்லாரும் தடவிப் பார்த்தார்கள். ஒருத்தராவது வாசிக்கவில்லையா? எல்லாரும் இத்தாலியர்தானே!

வாசித்தார்கள். கணக்காளர் பகிடி விட்டார்: “எனக்கும் இருக்கு, மத்தியானமாச்சு.” எல்லாரும் சிரித்தார்கள்.

மார்ச் 7, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

மாதிரிகளைப் பார்க்க ஃபிறவ் ஹென்னிங் நேரில் வந்தார். கூட ஹெர் லோமான் என்று ஒரு முதியவர், கழகத்தின் மூத்த உறுப்பினர், வாழ்நாள் முழுக்க அரங்குக்கு எதிர்வீட்டில் இருப்பவர். மாறினோ மக்வேதா வீதியில் பெரிய உணவகம் ஒன்றில் மேசை போட்டிருந்தார். தவக்காலத்து முதல் வெள்ளி, இறைச்சி தொடக்கூடாத நாள். அதெல்லாம் அவருக்கு எங்கே? வாள்மீன், கணவாய், ஆட்டிறைச்சி, பிறகு இன்னொரு இறைச்சி. தட்டுகளுக்கு இடமில்லாமல் பூச்சாடியைக் கீழே இறக்கினார்கள். பாதி தின்ற தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள், புதியதைக் கொண்டுவந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு பாண்துண்டு.

ஹெர் லோமான்தான் கேட்டார். சும்மா, பேச்சுக்கு. “அந்தச் சொல்லை யார் எழுதியிருப்பார்? உங்களுக்கு ஏதும் தோன்றுகிறதா?” இதை மொழிபெயர்க்கத் தேவையில்லை. கேள்வி எனக்குத்தான்.

“அது ஃபேம் இல்லை,” என்றேன். “ஃபாமே. இத்தாலியன். பசி என்று அர்த்தம்.” கைபேசியை எடுத்து மூலைச்சுவரை அவர் கையில் கொடுத்தேன். “இவர் இந்த ஊர்க்காரர். மகள் இங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறா.”

மாறினோ என் முகத்தையும் அவர்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “என்ன சொன்னனி?” சொன்னதை இத்தாலியனிலும் சொன்னேன். அவர் விருந்தாளிகளைப் பார்த்துப் புன்னகை செய்துகொண்டே, உதடு அசையாமல், “எழும்பிப் போ” என்றார்.

நான் எழும்பமுன் ஹெர் லோமான் முள்ளுக்கரண்டியை வைத்தார். “எங்களுக்குத் தெரியும்,” என்றார். “தெருவுக்கே தெரியும். நான் அப்போது சிறுபிள்ளை. அம்மா அந்தப் பக்கத்து ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பா. மணக்குது என்று சொல்லுவா. என்ன மணம் என்று நான் கேட்டதேயில்லை. எழுபது வருடத்துக்கு மேலாக வாராவாரம் அந்த மேடையில் போய் இருக்கிறேன்.”

அவர் பிறகு சாப்பிடவில்லை.

ஃபிறவ் ஹென்னிங் மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவைக்கிறேன், பிறகு நானே நம்பமாட்டேன்: “ஒரு சிறிய விளக்கப் பலகை வைக்கலாம். பெயரை மாற்றத் தேவையில்லை. பசி என்பதும் பலமான சொல்தானே? வெற்றிக்கான பசி!”

நான் எழும்பிப் போகும்போது ஹெர் லோமான் வாசல்வரை வந்து தன் முகவரி அட்டையைத் தந்தார்.

மார்ச் 10, திங்கள்

வேலை போய்விட்டது. நம்பிக்கைத் துரோகமாம். மாறினோ என் கண்ணைப் பார்க்கவில்லை, திரும்ப மூக்கில் குறடு. பத்து வருடம் இந்த மனிதருக்காக மற்றவர்களின் மொழியில் பொய் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் உண்மை சொன்னது துரோகம்.

ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில்நிலையத்துக்கு முன்னால் பஸ் பஸ்ஸாகப் போகவிட்டு நின்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லவேண்டுமே.

மார்ச் 12, புதன்

சிஞ்ஞோராவின் கதவைத் தட்டினேன்.

“சொன்னனியோ?”

“சொன்னன்.”

“வேலை?”

“போட்டுது.”

உள்ளே விட்டா. கோப்பி போட்டுத் தந்தா. அவவுடைய கால்வீக்கத்துக்கு மருந்து பூசிவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 2, புதன்

தம்பி எடுத்தான். ஃபேம் என்ற பெயரைக் கைவிட்டுவிட்டார்கள். பரவாயில்லை என்று நான் மூச்சுவிடமுன் மற்றதையும் சொன்னான்: லவுஞ்ச் அதே அறையில்தான். எழுத்தில்லாத வெறும் நீல டைல்ஸ் ஒட்டப்போகிறார்கள். பிரச்சினை வேண்டாமாம், மூடிவிட்டால் முடிந்ததாம். பசை பூசினால் அந்தச் சாந்து அதோடு சரி, பிறகு கழற்றினாலும் ஒரு எழுத்தும் மிஞ்சாது. நாளைக்குக் காலை தொடங்கவேண்டும், அவன்தான் ஒட்டவேண்டும்.

“நான் என்ன செய்ய, அக்கா?”

நான் என்ன சொல்ல? என் வேலையைத்தான் நான் தொலைக்கலாம். அவனுடையதைத் தொலைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கைபேசியின் சத்தம் குசினிவரை கேட்டிருக்கவேண்டும். அம்மா சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டு வந்து என் கையிலிருந்து கைபேசியை வாங்கினா.

“மகன், அம்மா கதைக்கிறன். ஒட்டாதை.”

அவ்வளவுதான். திருப்பித் தந்துவிட்டு வடிக்கப் போய்விட்டா. பெர்மெஸ்ஸோ பெர்மெஸ்ஸோ என்று ஒரு மாதமாக என்னைத் தின்ற அதே அம்மா! ஏனம்மா என்று பிறகு கேட்டேன். “பிள்ளையள் பசிக்குதெண்டு அழுத வீட்டிலை நானும் இருந்தனான். அதுக்கு மேலை பசை பூச என்ரை பிள்ளை வேண்டாம்.”

ஏப்ரல் 3, வியாழன்

றோபேட் மேற்பார்வையாளரிடம் மாட்டேன் என்று சொல்லிவிட்டான். அவர் அவனை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, திங்கட்கிழமைக்கு வேறொருவரைக் கேட்டிருக்கிறார்.

ஹெர் லோமானின் அட்டை என்னிடம் இருந்தது. எடுத்தேன். முழுவதையும் கேட்டார். “நான் போய்ப் பார்க்கிறேன்” என்று மட்டும் சொன்னார். பார்க்கிறேன்! பெரிய மனிதர்கள் எல்லாரும் பார்க்கிறவர்கள்தான்.

ஏப்ரல் 7, திங்கள்

நான் அவரைப்பற்றி நினைத்தது பிழை. றோபேட் படம் அனுப்பினான்: அறை வாசலில் மடக்குக் கதிரை. அதில் ஹெர் லோமான், குளிர்ச்சட்டையோடு, கழகத்தின் பழைய கம்பளிச் சால்வையோடு. புதிதாக வந்தவர் பசை வாளியோடு முன்னால் நிற்கிறார். கிழவர் எழும்ப மறுத்தாராம். தன்னை ஆரும் தூக்கி வைப்பதென்றால் பத்திரிகைக்காரர் முன்னால் தூக்கி வைக்கட்டும் என்றாராம். மாதமுடிவில் உறுப்பினர் கூட்டம் இருக்கிறதாம். அதுவரை சுவரில் கைவைக்கக் கூடாது என்று கேட்டிருக்கிறார். நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஏப்ரல் 28, திங்கள்

நேற்றுக் கூட்டம் நடந்தது. ஹெர் லோமான் இன்று காலை எடுத்துச் சொன்னார். குரல் அடைத்திருந்தது. தான் மேடையேறிப் பேசத் தொடங்கியதும், “பழைய கதையாலை புள்ளி கிடைக்குமோ?” என்று யாரோ கத்தினானாம். சிலர் கைதட்டினார்களாம். லவுஞ்ச் இல்லாவிட்டால் வருமானம் போய்விடும் என்று கழகத் தலைவர் எச்சரித்தாராம். கடைசியில் நின்று பார்க்கிற பக்கத்து இளைஞர்கள் கூட்டமாக எழும்பிக் கையுயர்த்தியிருக்கிறார்கள். கொஞ்ச வாக்குகளால் சுவர் தப்பியது. லவுஞ்ச் எதிர்ப்பக்க மேடைக்குப் போகிறது. அந்த அறையில் சாப்பாடும் குடியும் இல்லை.

சிஞ்ஞோராவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “கைதட்டினவையோ?” என்று மட்டும் கேட்டா. எந்தக் கைதட்டலைக் கேட்கிறா என்று எனக்கு விளங்கவில்லை. ஓம் என்றேன்.

ஏப்ரல் 30, புதன்

ஃபிறவ் ஹென்னிங்கிடமிருந்து மின்னஞ்சல். மகள் கண்ணீரோடு சுவரைத் தொடுகிற ஒரு சிறிய காணொளி கிடைத்தால் “மிகவும் உணர்வுபூர்வமாக” இருக்குமாம்.

அழித்துவிட்டேன். கை கழுவினேன்.

யூலை 19, சனி

பெர்மெஸ்ஸோ ஒரு வருடத்துக்கு மட்டும் கிடைத்தது. ஸ்தாசியோனேக்குப் பக்கத்து ஹோட்டலில் வரவேற்பு மேசை, பாதிநாள் வேலை. றோபேட் திரும்பி வந்து ஒரு மேசனோடு நிற்கிறான். முகம் கறுத்துப்போய் வருகிறான், ஆனால் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கிரிசாந் சொல்கிறார், கிழமைக்கு ஒருதரமாவது.

செப்டெம்பர் 20, சனி

லின்டன்வீஸ. ஹோட்டல் அறையில் இருந்து எழுதுகிறேன்.

திறப்பு விழாவுக்கு எங்கள் இருவரையும் கழகம் அழைத்தது. சிஞ்ஞோரா முதன்முதலாக விமானம் ஏறினா. வாசலெல்லாம் பொரித்த இறைச்சி மணம், பியர் மணம். காப்புறுதிக் கொம்பனியின் பெயர் கூரையில் ஒளிர்கிறது. கழகத் தலைவர் ஒலிவாங்கியில் “எங்கள் வரலாற்றின் இருண்ட அத்தியாயம்” என்றார். தாளைப் பார்த்து. பிறகு அதே குரலில் சூடேறும் இருக்கைகளைப்பற்றிச் சொன்னார். தலைவருக்குப் பின்னால் நின்ற ஒருவர் வாயில் மீன்துண்டு வைத்த பாணை மென்றுகொண்டிருந்தார். அந்த இடத்திலேயே இரண்டு பேரையும் அறையவேண்டும்போல இருந்தது.

அறைக்குள் ஒன்றும் செய்யவில்லை, அது நல்லது. வெறும் விளக்கு, சாம்பல் நிறச் சுவர். சிஞ்ஞோரா எல்லாரையும் வெளியே போகச் சொன்னா. என்னையும் ஹெர் லோமானையும் மட்டும் நிற்கவிட்டா.

முதலில் அவரைத்தான் பார்த்தா; ஜன்னல் கதையை நான் முன்பே சொல்லியிருந்தேன். “இவரின்ரை தாயோ ஜன்னலைச் சாத்தினது?”

மொழிபெயர்த்தேன். ஒரு சொல்லையும் மெதுவாக்கவில்லை.

“ஓம்” என்றார் அவர்.

“நானும் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனனான்” என்றா சிஞ்ஞோரா. அதையும் மொழிபெயர்த்தேன். அவருக்கு விளங்கியிருக்காது, ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து சுவருக்கு முன்னால் வைத்தார். அவ அதில் இருந்தா.

முதல் எழுத்தின் கீறலுக்குள் விரலை வைத்து, மேலிருந்து கீழே இழுத்தா. “இது அவர் கீறினதோ, வேறை ஆரும் கீறினதோ, ஆருக்குத் தெரியும்?” என்றா. பிறகு மூலைச்சுவருக்குப் போய் ஒவ்வொரு பெயராகச் சத்தமாக வாசித்தா, பள்ளிக்கூடத்தில் இடாப்புக் கூப்பிடுவதுபோல. தகப்பனின் பெயருக்கு மட்டும் சத்தம் வரவில்லை. அதற்குக் கீழே, நான் படத்தில் கவனிக்காத மங்கலான ஒரு கீறலை அவவுடைய கண்தான் கண்டுபிடித்தது: வின்சென்சோ துமினியா, போர்கோ வெக்கியோ.

ஆட்டம் பார்க்கவில்லை. மேலே ஆயிரக்கணக்கான கால்கள் தட்டின. கொங்கிறீட் அதிர்ந்தது. சாந்துத் தூசி கொஞ்சம் அவவுடைய தலைமயிரில் விழுந்தது. தட்டிவிடப் போனேன். “இருக்கட்டும்” என்றா.

ஒக்ரோபர் 11, சனி

எங்கள் பலேர்மோவின் போர்கோ வெக்கியோவில் மூன்று துமினியா குடும்பங்கள். முதல் இரண்டும் இல்லை. மூன்றாவது வீடு கீழ்மாடியில், வாசலில் பழைய குளிர்ப்பெட்டிகள் குவிந்து கிடந்தன. நாற்பது வயதிருக்கும் ஒருவர், உள்பெனியனோடு, கதவைப் பாதி திறந்தார். சிஞ்ஞோரா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றா. மூச்சு வாங்கியது.

“வின்சென்சோ துமினியா எண்டு...” என்று நான் தொடங்கினேன்.

“தாத்தா. எப்பவோ செத்துப்போனார். நீங்கள் ஆர்? ஒண்டும் வாங்கமாட்டம்.” கதவு மூடத் தொடங்கியது. “அந்தாள் ஒரு கஞ்சப் பிசாசு. அவரைப்பற்றிக் கதைக்க எங்களுக்கு ஒண்டுமில்லை.”

சிஞ்ஞோரா வீங்கிய காலைக் கதவிடுக்கில் வைத்தா. நான் பதறிப்போனேன்.

“அலுமாரியைப் பூட்டித் திறப்பை ஒளிச்சு வைக்கிறவரோ?” என்று கேட்டா.

கதவு நின்றது.

“உன்ரை தாத்தாவும் என்ரை தேப்பனும் பசி கிடந்த இடத்தைப் பாத்திட்டு வாறன்” என்றா. “எனக்கு நிக்க ஏலாது, தம்பி. உள்ளை வந்து இருந்து சொல்லுறன்.”

அவர் குளிர்ப்பெட்டி ஒன்றைத் தள்ளி வழிவிட்டார்.